ஓலையும் ஒப்புதலும்: பிரிவினை வாக்கெடுப்பும் நடுவணரசின் இசைவும்

செங்கற்பட்டு வட்டாரத்துக் கவியரங்குகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இடம்பெறாத நாள் அரிது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளும் தமிழர்தம் வாக்குரிமையின் பிறப்புச் சான்றாகவே பாடப்பெறுகின்றன. பாடுவதில் குறையில்லை, கல்லில் உள்ளதைப் படித்துவிட்டுப் பாடுதல் நலம். அங்கு நடந்தது வாக்கு எண்ணிக்கை அன்று. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச்சீட்டு முறை அது. தகுதியும் எல்லார்க்கும் உரியதாக இல்லை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவை, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். பெண்ணுக்கும் உழுகுடிக்கும் அந்த ஓலையில் இடமில்லை. இவற்றினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்விதிகளைச் சபையார் வகுத்தபோது மன்னனின் ஆணைப்படி அவனுடைய அலுவலர் உடனிருந்தார் என்பதை அக்கல்வெட்டுகளே கூறுகின்றன. ஊர் தன் வாரியங்களைத் தானே அமைத்துக்கொண்டது. எவ்வாறு அமைப்பது என்பதற்கோ மேலிடத்தின் கண் முன்னின்றது.

கேட்பது ஊர், இசைவது மேலிடம் என்னும் இவ்வுறவு பின்னாளில் மிகப் பெரிய வினா ஒன்றாக இதே மண்ணில் எழுந்தது. ஒரு நிலப்பகுதியின் மக்கள், தாம் தனியரசாகப் பிரிந்துபோவதா என்பதை நடுவணரசின் இசைவின்றி வாக்கெடுத்து முடிவு செய்யலாமா என்பதே அவ்வினா. 1940 ஜூன் மாதம் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற மாநாட்டையொட்டிப் பெரியார் திராவிட நாட்டின் வரைபடத்தை வெளியிட்டார். காஞ்சி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கிய நகரம். 1997 வரை அவ்வாறே இருந்தது. அக்காஞ்சியில் பிறந்த அண்ணா 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோது அவ்வரைபடத்தையும் உடன் எடுத்துச் சென்றார். 1962 பொதுத்தேர்தலில் கழகம் 50 இடங்களில் வென்றது. அண்ணாவோ தம் சொந்தத் தொகுதியான காஞ்சிபுரத்தில் தோற்றார். தோற்றவரை மாநிலங்களவைக்கு அனுப்பிவைத்தது கட்சி. 1962 மே முதல் நாள் அங்கு அவர் ஆற்றிய முதலுரை, தன்னாட்சியுரிமையைக் கோரும் குரலாக ஒலித்தது.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். திராவிட நாடு குறித்துப் பொது வாக்கெடுப்பு எதுவும் ஒருநாளும் நடைபெறவில்லை. பொதுத்தேர்தலில் கிட்டும் வாக்கே அதற்குரிய அளவுகோலாக அமையும் என்னும் எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது. ஆனால் தேர்தலில் விழும் வாக்கில் அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் உள்ளூர்ப் பகையும் கலந்திருக்கும்; பிரிவினைக்கு எத்தனை, விலைவாசிக்கு எத்தனை என்று அதைப் பிரித்தெடுக்க இயலாது. மேலும், அவ்வரைபடத்தினுள் அடங்கிய தெலுங்கரும் கன்னடரும் மலையாளரும் இக்கோரிக்கையைத் தம்முடையதாகக் கொள்ளவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் அவர்கள் தத்தம் வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டனர். எந்த எல்லைக்குள் வாக்கு எண்ணுவது என்பது தெளிவாகாத நிலையில், வாக்கெடுப்பு நடத்தியிருந்தாலும் அது எதனை மெய்ப்பித்திருக்கும்? இயக்க வரலாற்றாசிரியர்கள் இவ்வினாவை மெல்லக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. அண்ணா பிரிவினைப் பரப்புரையை நிறுத்திவைத்தார். எனினும் தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் சர் சி.பி. இராமசாமி ஐயர் தலைமையில் அமைத்த குழு முன்னரே தொடங்கிய பணி நிற்கவில்லை. அதன் பரிந்துரையின் விளைவே 1963 அக்டோபர் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பதினாறாவது திருத்தம். இத்திருத்தத்தின் பொறியமைப்பு எளியது, ஆனால் கூரியது. பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் தரும் 19ஆம் பிரிவில், இந்தியாவின் இறைமையையும் ஒருமையையும் காக்கும் பொருட்டு அவற்றுக்குத் தக்க வரம்பிடலாம் என்னும் தொடரைச் சேர்த்தது. அதனுடன் 84, 173ஆம் பிரிவுகளையும் மூன்றாம் அட்டவணையையும் மாற்றியது. அதன்படி, உறுப்பினராக அமர்பவர் மட்டுமல்லர், வேட்பாளராக நிற்க விழைபவரும் இறைமையையும் ஒருமையையும் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும். பிரிவினையைக் கொள்கையாகக் கொண்ட கட்சியின் முன் இரு வழிகளே எஞ்சின: தேர்தலை விடுவது, அல்லது கொள்கையை விடுவது.

மாநிலங்களவையில் அண்ணா இத்திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். 1963 நவம்பரில் கழகம் தன் சட்டதிட்டங்களிலிருந்து பிரிவினைக் கோரிக்கையை நீக்கியது. கோரிக்கை கைவிடப்பட்டாலும் அதற்குரிய காரணங்கள் அழியவில்லை என்பது அவர் அன்று தந்த விளக்கத்தின் சாரம். தேர்தல் களத்துக்கே வராத பெரியாரை உறுதிமொழி கட்டவில்லை. அவர் 1973இல் மறையும் வரை தம் கோரிக்கையை விடவில்லை. அண்ணாவின் முடிவைச் சரணாகதி என்பாரும் உளர். அரசியல் முதிர்ச்சி என்பாரும் உளர். இவ்விரு தரப்பும், விடுவதற்கு முன் அவர் கையில் ஏதோ ஒரு வழி இருந்ததாகக் கொள்கின்றன. மெய்யாக இருந்ததோ, அரசமைப்பில் எங்கும் இடம்பெறாத ஒரு வாக்கெடுப்பைப் பற்றிய நம்பிக்கை மட்டுமே. மூடிய கதவு முன்பு திறந்திருந்ததா என்பதே ஐயத்திற்குரியது.

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் விடை இதில் ஐயத்திற்கு இடந்தருவதில்லை. முதற்பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய கூட்டு என்று கூறவில்லை. மூன்றாம் பிரிவின்படி, மாநிலத்தைப் பிரிக்கவும் இணைக்கவும் எல்லையைக் கூட்டவும் குறைக்கவும் பெயரை மாற்றவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உரிய சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்பார். கேட்ட கருத்தைப் பாராளுமன்றம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. எந்த அட்டவணையிலும் சொல்லப்படாத அதிகாரம் 248ஆம் பிரிவின்படி பாராளுமன்றத்தைச் சாரும். பிரிவினை வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு எங்கிருந்தும் கிட்டுவதில்லை. 1967 சனவரி 16இல் கோவா மக்கள் மகாராட்டிரத்தோடு இணைவதா, தனித்து நிற்பதா என்று வாக்களித்து, 34,021 வாக்கு வேறுபாட்டில் தனித்து நிற்பதைத் தேர்ந்தனர். அதுவும் நாட்டைவிட்டுப் பிரியும் வாக்கன்று. அதற்கே 1966இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1967 சூலையில் தமிழகச் சட்டமன்றம் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றத் தீர்மானித்தது. சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பின்னரும், அவை முழுவதும் ஒருமித்த பின்னரும், அப்பெயர் தானாக நடைமுறைக்கு வரவில்லை. பாராளுமன்றம் 1968இல் சட்டமியற்றிய பிறகு, 1969 சனவரி 14ஆம் நாளன்றே அது நிலைபெற்றது. தாய்க்குத் தன் பெயரைத் தானே சொல்லவும் இசைவு வேண்டியிருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் வடவெல்லையும் அவ்வாறே மாறியது. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1959இல் இயற்றிய சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி இம்மாவட்டத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில சிற்றூர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. எந்த ஊரிலும் வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பதிவான தாய்மொழியே அவ்வூராரின் வாக்காகக் கொள்ளப்பட்டது. குடிக்கணக்கு எடுப்பவரிடம் மொழியைச் சொன்னபோது, தம் நாட்டு எல்லையையும் சேர்த்துச் சொல்கிறோம் என்று எவரேனும் அறிந்திருப்பரா?

இசைவின்றியே வாக்கெடுத்தால் என்னாகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுண்டு. 1951 மே 16ஆம் நாள், நாகா மலைப்பகுதியில் பிசோ தலைமையிலான நாகா தேசிய மன்றம் தானே ஒரு வாக்கெடுப்பைத் தொடங்கியது. எழுத்தறியாத மலைமக்கள் தாளில் பெருவிரல் பதித்தனர். 99.9 விழுக்காட்டினர் விடுதலை வேண்டினர் என மன்றம் அறிவித்தது. நேரு அரசு அதனை ஏற்கவில்லை. அம்மக்கள் முதற் பொதுத்தேர்தலைப் புறக்கணித்தனர்; பின்னர்த் துப்பாக்கிகள் பேசத் தொடங்கின. 1963 திசம்பர் முதல் நாள் நாகாலாந்து ஒரு மாநிலமாக மலர்ந்தது. பதினாறாவது திருத்தம் வந்து இரு திங்களும் நிறையாத நேரம் அது. அவ்வாக்கெடுப்பை நடத்தியதும் எண்ணியதும் ஒரு தரப்பே. ஆதலின் அதன் எண்ணிக்கையைச் சரிபார்க்க வழியில்லை. ஆயினும் அது நடக்கவே இல்லை என்று கூறவும் ஆட்சியாளரால் இயலவில்லை. அரசு ஏற்காத வாக்கு சட்டமாவதில்லை; சாட்சியாக நின்றுவிடுகிறது. பல தலைமுறைகள் கடந்தும் நாகர்தம் அரசியல் அந்தச் சாட்சியைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது.

பிற நாட்டு நீதிமன்றங்களும் இப்பொருளில் சொல்லியிருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980இலும் 1995இலும் தன் சொந்தச் சட்டத்தின்படியே வாக்கெடுத்தது. இரண்டாம் முறை பிரிவினை தோற்றது ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில். 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருதலையாகப் பிரியும் உரிமை இல்லை என்று முதலில் கூறியது. உடனே, தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை விடையளித்தால் ஏனையோர் பேச்சுக்கு அமர்தல் கடமை என்றும் சேர்த்தது. வாக்கு முடிவாகாது, ஆனால் மறுமொழி சொல்லும் கடனை அது விளைவிக்கும் என்னும் இத்தீர்ப்பே இதுகாறும் வந்தவற்றுள் நேர்மையானது எனத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்து 2014இல் இலண்டனின் இசைவோடு வாக்களித்து 55.3 விழுக்காட்டால் உடனிருக்க முடிவு செய்தது. மீண்டும் வாக்கெடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்ற வினா 2022 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. இல்லை என்பது ஒருமித்த விடை. சட்டத்தால் எவரையும் கட்டாத வெறும் கருத்தறிதல் என்ற வாதத்தையும் மன்றம் ஏற்கவில்லை. மக்கள் தந்த வாக்குக்கு அரசியல் எடை உண்டு என்றது. ஸ்பெயினில் 2017 அக்டோபரில் தடையை மீறி வாக்கெடுத்த கட்டலோனியத் தலைவர்கள் சிறை சென்றனர், 2021இல் மன்னிக்கப்பட்டனர்.

பாக் நீரிணைக்கு அப்பால் இவ்வினா குருதியில் எழுதப்பட்டது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977 தேர்தலை அதற்குரிய மக்களாணையாக முன்வைத்து 18 இடங்களில் வென்றது. தேர்தலை வாக்கெடுப்பாக மாற்றும் அதே முயற்சி. விடையும் அதே வடிவில் வந்தது. 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் பிரிவினையைத் துறக்கும் உறுதிமொழியைக் கட்டாயமாக்க, கூட்டணி உறுப்பினர்கள் அதனை ஏற்காமல் பதவியிழந்தனர். சூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறாத வேளையில் வந்தது அத்திருத்தம். பேரவையிலிருந்து சொல் வெளியேற்றப்பட்டபின் களத்தில் எது நின்றது என்பதை இக்கடற்கரையோர் விரித்துரைக்கக் கேட்க வேண்டியதில்லை.

இதுவரை கண்டவை அனைத்தும் வினாவின் ஒருபுறம். நடுவணரசின் இசைவின்றி மக்கள் வாக்களிக்கலாமா என்று நூறு முறை கேட்கும் உலகம், மக்களின் இசைவின்றி அரசுகள் மண்ணைக் கைமாற்றலாமா என்று ஒருமுறையேனும் கேட்கத் தயங்குகிறது. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே செல்லும் கடற்கரை முழுவதும் அவ்வினாவின் சிதைவுகள் கிடக்கின்றன. செங்கற்பட்டுச் சீமையை 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கும்பினிக்குச் சாகீராகத் தந்தான். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை 1781இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்று, 1818இல் மீண்டு, இறுதியாக 1824ஆம் ஆண்டின் இலண்டன் ஒப்பந்தத்தால் அவர்களுக்கே உரியதாயிற்று. அவ்வொப்பந்தத்தில் டச்சுக்காரர் பெற்றவற்றுள் சுமத்திராத் தீவின் பென்கூலனும் ஒன்று. சதுரங்கப்பட்டினத்து நெசவாளி பென்கூலனைக் கனவிலும் கண்டிரான். கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையை 1750இல் முசாபர் சங் பிரெஞ்சுக்காரருக்கு அன்பளிப்பாக வழங்கினான். பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் அதை இடித்தனர்.

அது மன்னர் காலம், மக்களாட்சியில் அவ்வாறில்லை எனலாம். 1958இல் நேரு பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகித்தானுக்குத் தர உடன்பட்டபோது, அவ்வாறு தர அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (1960). அவ்வூராரைக் கேட்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒன்பதாவது திருத்தமும் நிறைவேறியது. கைமாற்றம் நடைபெறாமல் போனது வேறு கதை. 1974இல் கச்சத்தீவைக் குறித்து அத்திருத்தமும் தேவைப்படவில்லை. நடுவணரசு அதனை நிலக்கொடை எனக் கொள்ளாமல் எல்லை வரையறை எனக் கொண்டது.

இக்கடற்கரையில் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொன்ன நிகழ்ச்சி ஒன்று மட்டுமே உண்டு. பிரெஞ்சு நாட்டின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு தன் 27ஆம் பிரிவில், உரிய மக்களின் இசைவின்றி எந்நிலத்தையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்றது. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் பொது வாக்கெடுப்புக்கு உடன்பட்டன. வங்கத்துச் சந்திரநாகூர் 1949 ஜூன் 19இல் வாக்களித்தது. இந்தியாவுக்கு 7,473 வாக்குகள், எதிராக 114. புதுச்சேரியிலோ வாக்கெடுப்புத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எவர் பட்டியலை எழுதுவது, எவர் காவலில் நடத்துவது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1954 மார்ச்சில் குபேரும் நகராட்சித் தலைவர்களும் வாக்கெடுப்பின்றியே இணைப்பை அறிவித்தனர். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அதன்பின் இரு அரசுகளும் கண்டெடுத்த இடைவழியே கீழூர்.

1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூர்ச் சிற்றூரில் புதுவை, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினரும் நகராட்சி மன்ற உறுப்பினருமாக 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு இசைந்தனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. பல இலட்சம் மக்களின் நாடு எது என்பதை 178 பேர் சொல்லிவிட்டனர். அன்று வீசிய காற்று எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை, பொது வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் முடிவு வேறாக வந்திருக்கும் எனக் கருத இடமில்லை. எனினும், நடந்தது மக்கள் வாக்கெடுப்பு என்று மேடைகளில் கூறப்படுவது வரலாறாகாது. அவ்வெண்மரைத் துரோகிகள் என்று ஏசுவதும் முறையன்று. மறுப்போரும் எழுந்து நிற்க இடமிருந்ததால்தான் 170 என்னும் எண் பொருள் பெறுகிறது.

அவ்வாறு தொடங்கிய இணைப்புக்குச் சட்ட வடிவம் தர 1956 மே 28இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதனை ஏற்க மேலும் ஆறாண்டுகள் ஆயின. 1962 ஆகஸ்டு 16இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்திய மண்ணாயிற்று. அண்ணா மாநிலங்களவையில் தன்னாட்சி கேட்டு மூன்று திங்கள் கடந்த வேளை அது. அவ்வொப்பந்தத்தின் இரண்டாம் உறுப்பில் ஒரு தொடர் உண்டு: புதுச்சேரியின் தனிநிலையில் பின்னர் அரசியலமைப்பு மாற்றம் எதுவும் செய்வதாயின், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்பது அதன் பொருள். அது அரசியலமைப்பின் சொல்லன்று. இரு அரசுகள் எழுதிய ஒப்பந்தச் சொல். ஆயினும் 1979 சனவரியில் மொரார்ஜி தேசாய் புதுவையை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டபோது நகரம் கொதித்தெழுந்தது. இணைப்புப் பேச்சு கைவிடப்பட்டது. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும் மரக்காணமும் கடந்து தெற்கே செல்வோர் கனகசெட்டிக்குளத்தில் ஓர் எல்லையைத் தாண்டுகின்றனர். அதற்கப்பால், மக்களைக் கேட்ட பின்னரே மாற்றம் என்னும் சொல் ஒரு தாளிலேனும் எழுதப்பட்டிருக்கிறது. இப்பால், 1960இல் திருத்தணி வந்ததற்கும் 1969இல் தமிழ்நாடு என்னும் பெயர் வந்ததற்கும் வழிவிட்ட மூன்றாம் பிரிவே நிற்கிறது.